வழிநூலும் பழைய ஆட்டக்காரரும்

நூல்களை முதனூல் என்றும் வழிநூல் என்றும் வகுத்துக் காண்பது தமிழ் இலக்கண மரபு. தொல்காப்பிய மரபியல் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காகப் பகுக்கும். பின்வந்த நன்னூலார், முன்னோர் நூலின் முடிபினை ஏற்ற பின்னோன் தான் விரும்பும் வேறுபாடுகளையும் அதனுட் புகுத்தலாம் என்று இடங்கொடுத்து, மரபு அழிதல் கூடாது என்றொரு வரம்பினையும் இட்டார். ஆசிரியனுக்கு உரியவை யாவும் இவ்வாறு முறைப்படச் சொல்லப்பட்டுள்ளன. ஆயின் முதனூலைப் பல்லாண்டு பயின்று, அதனைத் தன் வாழ்வின் ஒரு கூறாகவே ஆக்கிக்கொண்ட ஒருவன், வழிநூலைக் கையிலெடுக்கும்போது எந்த அளவுகோலால் அதனை அளப்பான் என்பது இலக்கணிகளின் கவனத்துக்கு வரவில்லை. பாடங் கேட்கும் மாணாக்கனை அன்னம் முதல் நெய்யரி வரை தரம் பிரித்தவர்கள், பழைய வாசகனைத் தரம் பிரியாமலே விட்டுவிட்டனர்.

தமிழுக்கு இச்சிக்கல் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் சுவையில் ஊறிய ஒருவர் மணிமேகலையைத் தொடங்கும்போது, கோவலன் மகளின் கதையைத்தான் எதிர்பார்க்கிறார். கதையும் இருக்கிறது. ஆயினும் சமயக்கணக்கரின் வாதங்களும் அளவைகளும் அறவுரைகளும் மிகுந்து நிற்கும் இறுதிக் காதைகளை எட்டியதும் அவர் தளர்ந்துபோவதுண்டு. இரண்டும் இரட்டைக் காப்பியங்கள் என்று பாடநூல் சொல்லலாம். ஒன்றை விரும்பியவர் மற்றொன்றை அதே அளவு விரும்ப வேண்டும் என்ற நியதி இல்லை. இந்தப் பழைய சிக்கல் கடந்த 30 ஆண்டுகளில் மிகக் கூர்மையாக எழுந்திருக்கும் இடம் ஏட்டிலக்கியமன்று. தமிழ்ச் சங்க மேடைகளில் அரிதாகவே பேசப்படும் ஓரிடம் அது: கணினியில் ஆடப்படும் பாத்திரமேற்பு விளையாட்டுகள்.

1974 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிலே கரி கைகக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டினை வெளியிட்டனர். மேசையைச் சுற்றியிருப்போர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்பர். ஒருவர் கதையை நடத்துவார். எடுத்த காரியம் வாய்க்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். பிற்காலக் கணினிப் பாத்திரமேற்பு விளையாட்டுகள் பெரும்பாலும் இதன் வழிவந்தவையே. சுடுவதும் ஓடுவதும் வேறு வகை விளையாட்டுகளிலும் உண்டு. இவ்வகையின் தனித்தன்மை, ஆடுபவர் தாம் யார் என்பதைத் தாமே தெரிந்தெடுப்பதும், அத்தெரிவின் பயனைத் தாமே சுமப்பதும் ஆகும். இதனை மனத்திற் கொள்ளாதவர்களுக்குப் பழைய ரசிகரின் சினம் சிறுபிள்ளைத்தனமாகவே தோன்றும்.

வெள்ளவத்தையில் வாழ்ந்த இரு சகோதரரை இங்கு எடுத்துக்கொள்ளலாம், பெயர்கள் வேண்டியதில்லை. மூத்தவர் 2005 அளவில், பாவித்த கணினி ஒன்றிலே, பம்பலப்பிட்டிக் கடையொன்றில் வாங்கிய இறுவட்டின் துணையுடன் 'மொறோவின்ட்' ஆடத் தொடங்கினார். பெதெஸ்டா நிறுவனம் 2002 இல் வெளியிட்ட அவ்விளையாட்டு, அறிமுகமில்லாத தீவொன்றின் கரையில் ஆடுபவரை இறக்கிவிட்டு, பல்மோரா என்னும் ஊருக்குச் செல்லுமாறு பணித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். வழியைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். ஆற்றைக் கடந்து வடக்கே திரும்பு, உடைந்த பாலத்துக்கு அப்பாலுள்ள குகையைப் பார் என்ற பாங்கில் ஊரார் சொல்வர். அது நாட்குறிப்பில் எழுத்தாகப் பதியும். தேடுவது ஆடுபவர் பாடு. அவர் வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் புகும்வரையிலும், களனிக்குப் போய்வந்த பின்னரும், சி.ஆர். கொப்பி ஒன்றில் வழிகளை எழுதிக்கொண்டார். விளங்காத ஆங்கிலச் சொற்களுக்கு அகராதியிற் பொருள் கண்டு பக்கத்தில் எழுதினார். இன்று அவர் வாசிக்கும் ஆங்கிலத்திற் கணிசமான பங்கு அந்தக் கொப்பியிலிருந்து வந்தது.

இளையவர் அதே தொடரில், 2011 இல் வெளிவந்த 'ஸ்கைரிம்' மூலம் புகுந்தவர். அதில் திரையின் மேல் விளிம்பிலே திசைகாட்டி ஒன்றும், போக வேண்டிய இடத்தைக் குறிக்கும் அடையாளமும் உண்டு. 2006 இல் வந்த 'ஒப்லிவியன்' புகுத்திய வசதி அது. அண்ணன் இதனைக் குறைகூறும்போதெல்லாம் தம்பி சொல்லும் விடை ஒன்றே: 'அண்ணா, உங்களுக்குக் கரைச்சற்பட்டாத்தான் விளையாட்டோ?'

கேள்வி நியாயமானது. ஆனால் அண்ணனின் குறை வெறுங் கரைச்சலைப் பற்றியதன்று. அடையாளம் விரும்பாதவர் அதனை அணைத்துவிட்டு ஆடலாமே என்பது வழக்கமான சமாதானம். அடையாளம் வந்தபின் ஊரார் வழி சொல்லுவதை நிறுத்திவிட்டனர் என்பதை அது மறைத்துவிடுகிறது. இடத்தின் பெயர் மட்டுமே சொல்லப்படும். எப்படிப் போவது என்பதைச் சொல்ல வேண்டிய தேவை இனியில்லை. அடையாளத்தை அணைத்தவர் இருளில் நிற்பார். ஒரு வசதி சேர்க்கப்படும்போது அதன்கீழ் இருந்த எழுத்து ஒன்று உருவப்பட்டுவிடுகிறது. புதிதாக வருபவருக்குச் சேர்க்கப்பட்டது மட்டும் தெரியும். உருவப்பட்டது பழையவருக்கே தெரியும். நீண்டகால ரசிகரின் தீர்ப்புக்கு ஏதேனும் தனி மதிப்பு உண்டெனில், அது இங்கேதான் இருக்கிறது.

இதனினும் கூரிய சான்று ஒன்றுண்டு. மொறோவின்டிலே கதைக்கு இன்றியமையாத பாத்திரத்தையும் ஆடுபவர் கொன்றுவிடலாம். அவ்வாறு செய்தால், ஊழின் இழை அறுந்தது. விரும்பினால் முன்னைய நிலைக்கு மீள்க, அன்றேல் கேடுற்ற இவ்வுலகிலேயே தொடர்க என்ற பொருளில் ஓர் அறிவிப்பு வரும். ஒப்லிவியனில் அத்தகைய பாத்திரங்கள் சாவதில்லை. வெட்டுண்டு வீழ்வர், சிறிது நேரத்தில் எழுந்து நிற்பர். முன்னையது ஆடுபவரை வளர்ந்தவராக நடத்தியது. பின்னையது, கூரிய பொருள்களைக் குழந்தைக்கு எட்டாமல் வைக்கும் தாயைப்போல் நடந்துகொண்டது. திறன்களின் எண்ணிக்கை 27 இலிருந்து 21 ஆகி, ஸ்கைரிமில் 18 ஆகக் குறைந்ததைப் பலர் பெரிதாகப் பேசுவர். அது அத்துணைப் பெரிய இழப்பாகத் தோன்றவில்லை. அவற்றுட் சில எவரும் தொடாதவை. சாவாத மனிதர்களே பெரிய இழப்பு.

இம்மாற்றங்களை நிறுவனங்களின் பேராசை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதும் பொருந்தாது. உற்பத்தி முறை மாறும்போது கலையின் உள்ளமைப்பும் மாறும் என்பதற்கு இவை தக்க எடுத்துக்காட்டுகள். மொறோவின்டில் உரையாடல் பெரும்பாலும் எழுத்து. எழுத்துக்குச் செலவு குறைவு. ஒப்லிவியனில் யாவரும் வாய்திறந்து பேசினர். ஒவ்வொரு வரிக்கும் நடிகர், ஒலிப்பதிவு, கூலி. ஆயிரத்தில் ஒருவர் மட்டுமே கேட்கக்கூடிய மறுமொழிக்குச் செலவிட எந்தக் கணக்காளரும் இசையமாட்டார். 2015 இல் வந்த 'ஃபோலவுட் 4' இலே தலைமைப் பாத்திரமும் பேசத் தொடங்கியது. ஆண் குரல் ஒன்று, பெண் குரல் ஒன்று என ஒவ்வொரு வரியும் இருமுறை பதியப்பட வேண்டியதாயிற்று. விளைவு, எந்த உரையாடலிலும் நான்கு தெரிவுகளே. அவையும் ஓரிரு சொற்களாகச் சுருங்கின. தெரிவு செய்த பின்னரே தன் பாத்திரம் என்ன சொல்லப்போகிறது என்பது ஆடுபவருக்குத் தெரிந்தது! வெளிவந்த சிறிது காலத்துள்ளேயே முழு வாக்கியங்களையும் திரையிற் காட்டும் திருத்தமொன்றை ரசிகர்களே செய்து பகிர்ந்தனர்.

ஃபோலவுட் தொடரின் வரலாறு பழைய ரசிகரைப் பற்றிய பொதுவானதொரு தப்பெண்ணத்தையும் களைய உதவும். அணுப்போரின்பின் எஞ்சிய உலகைச் சித்திரிக்கும் இத்தொடரின் முதற் பகுதி 1997 இலும் இரண்டாவது 1998 இலும் வந்தன. மேலிருந்து நோக்கும் காட்சி. முறைவைத்து நடக்கும் சண்டை. முதலாவதில், மனிதரையெல்லாம் வேற்றுருவாக்க முனையும் பகைத்தலைவனை ஆயுதமின்றியே வெல்லலாம். அவன் படைக்கும் இனத்துக்கு மகப்பேறு இல்லை என்பதைச் சான்றுடன் நிறுவினால், அவன் தன் திட்டம் வீணென்று உணர்ந்து தன்னையே அழித்துக்கொள்வான். வாதத்தால் வெல்லப்படும் அரக்கன்! மணிமேகலையின் அளவைக் காதைகளிற் சலித்தவர்கூட இதை ரசிக்கக்கூடும். பின்னர் தொடர் பெதெஸ்டாவின் கைக்கு மாறி, மூன்றாவது பகுதி 2008 இல் வந்தபோது அது பாத்திரத்தின் கண்வழியே உலகைக் காட்டும், பெரிதும் சுடும் விளையாட்டாக இருந்தது. பழையவர்கள் கொதித்தனர். வடிவம் மாறியதைப் பொறுக்கமாட்டாத முதியோர் என்று அவர்கள் எள்ளப்பட்டனர்.

இரண்டே ஆண்டுகளில் அவ்வெள்ளல் பொய்த்தது. 2010 இல் ஒப்சிடியன் நிறுவனம், முன்னைய பகுதிகளில் உழைத்த சிலரின் துணையுடன், அதே கட்டமைப்பிலே 'நியூ வேகாஸ்' என்ற பகுதியை உருவாக்கியது. அதே கண்வழிக் காட்சி, அதே துப்பாக்கி. ஆனால் கொதித்தவருட் பெரும்பாலோர் அதனை ஏற்றுக்கொண்டனர். இன்றுவரை தலைமேல் வைத்துப் பேசுகின்றனர். எந்தக் கட்சியுடன் சேர்வது, எவரைக் கைவிடுவது என்பவற்றுக்கு அதில் மீண்டும் பயன் இருந்தது. மாறாக மூன்றாம் பகுதியின் முடிவில், கதிரியக்கம் நிறைந்த அறையினுள் யாரேனும் ஒருவர் சென்று உயிர்விட வேண்டும். கதிரியக்கம் தாக்காத தோழன் ஒருவன் அருகில் நிற்பான். நீ செல் என்றால், இது உன் விதி என்று மறுப்பான். அந்தப் போலித் தியாகம் எள்ளி நகையாடப்பட்டது. 2009 இல் வந்த பின்னிணைப்பு, தோழனை அனுப்பவும் கதையைத் தொடரவும் வழிசெய்தது.

'மாஸ் எஃபெக்ற்' தொடரின் கதை உலகறிந்தது. மூன்று பகுதிகளில் ஆடுபவர் செய்த தெரிவுகள் யாவும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எடுத்துச்செல்லப்படும் என்ற உறுதியின்மேல் கட்டப்பட்ட தொடர் அது. 2012 மார்ச்சில் வந்த மூன்றாம் பகுதியின் இறுதியில் அத்தெரிவுகள் அனைத்தும் சிவப்பு, நீலம், பச்சை என்ற மூன்று நிற ஒளிகளாய் முடிந்தன. ரசிகர்கள் பணம் திரட்டி, அம்மூன்று நிறங்களிலும் பூச்சிட்ட ஏறத்தாழ 400 சிறு கேக்குகளை பயோவெயார் நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தனர். நிறம் எதுவாயினும் சுவை ஒன்றுதான்! இலக்கிய விமரிசனத்தில் இத்துணைச் சுருக்கமும் செறிவும் அரிது. அவ்வாண்டு யூன் மாதத்தில் விரிவாக்கிய முடிவொன்று இலவசமாக வெளியிடப்பட்டது.

பழையவரின் தீர்ப்பு எப்போதும் இவ்வாறு கூர்மையாய் இருப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நன்னூலார் கடை மாணாக்கருக்குக் கூறிய உவமைகளுள் நெய்யரி ஒன்று: நெய்யை ஒழுகவிட்டுக் கசட்டைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். நீண்டகால ரசிகருள் நெய்யரிகள் பலர். மொறோவின்டில் வாள் எதிரியின் உடலிற் படுவது கண்ணுக்குத் தெரியும். ஆயினும் பகடைக் கணக்கின்படி அது படவில்லை என்றாகும். அதனையும் ஓர் அருங்குணமாகப் போற்றுவோர் உளர். அதைவிட வேடிக்கை, அண்ணன் முதனூலாகக் கொண்ட மொறோவின்டே அத்தொடரின் மூன்றாம் பகுதி என்பது. 1994 இல் 'அரீனா', 1996 இல் 'டாகர்ஃபோல்' என இரண்டு முன்னரே வந்துவிட்டன. ஆயிரக்கணக்கான ஊர்களைக் கொண்ட டாகர்ஃபோலில் அலைந்து பழகியவர்களுக்கு மொறோவின்ட் ஒற்றைத் தீவாய்ச் சுருங்கிப்போன வழிநூலாகவே தோன்றியது. தம்பிக்கு இது தெரியவந்த நாள் அவ்வீட்டில் மறக்கப்படாத நாளாயிற்று.

ஈழத்துக் கூத்தின் அண்மைக்கால வரலாறும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962 இல் 'கர்ணன் போர்' கூத்தையும், பின்னர் சி. மௌனகுருவின் எழுத்தில் 'இராவணேசன்' கூத்தையும் பேராதனை மாணவரைக் கொண்டு மேடையேற்றியபோது, விடியும்வரை வட்டக்களரியில் ஆடப்பட்டது ஓரிரு மணித்தியாலங்களுக்குள் படச்சட்ட மேடையில் ஒடுங்கியது. நகரத்தார் கூத்தின் பெருமையை அதனாற்றான் அறிந்தனர் என்பது உண்மை. ஆட்டமும் பாட்டும் மத்தளமும் அங்கு இருந்தன. மாறியது பார்ப்போரின் இடம். களரியைச் சூழ நாற்புறமும் அமர்ந்து, ஆடுவோர் இன்னார் மகன் என்றறிந்து, தாளம் பிசகினால் அவ்விடத்திலேயே முகஞ்சுளித்த ஊரார், ஒரு திசையில் வரிசையாய் அமர்ந்த சபையோராயினர். சுருக்கத்தைக் குறைகூறிய கிராமத்து முதியவரை வெறும் பழமைவாதி என்று தள்ளிவிடுவது எளிது. அவர் இழந்தது ஆட்டத்தின் நீளத்தையா, ஆட்டத்தில் தமக்கிருந்த பங்கையா என்று எவரேனும் நின்று கேட்டிருந்தால் விடை வேறாக இருந்திருக்கும்.

இவ்வளவும் பேசுகையில், கொழும்பிலே இத்தீர்ப்பு வெறும் சுவைப் பிரச்சினையன்று என்பது மறக்கப்படலாகாது. 2020 அளவிலிருந்து பெரும் நிறுவனங்கள் பல தம் விளையாட்டின் விலையை 70 டொலராக உயர்த்தின. 2022 இன் தொடக்கத்தில் டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபா. அவ்வாண்டு மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபா. அதாவது 14,000 ரூபாவாக இருந்த அதே பொருள் சில மாதங்களில் 25,000 ரூபாவைக் கடந்தது. மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை நீண்ட காலமும் அதுவே. பழைய இறுவட்டுக் கடைகளின் காலம் முடிந்து, விலை கொடுத்தே வாங்குவது என்று முடிவுசெய்திருந்த அண்ணனுக்கு, அடுத்த பகுதி நல்லதா என்ற கேள்வி வீட்டுச் செலவின் கேள்வியாயிற்று. நியூயோர்க்கில் இருப்பவர் ஏமாந்தால் ஒரு மாலை வீணாகும். வெள்ளவத்தையில் இருப்பவர் ஏமாந்தால் ஒரு மாதம்.

அக்காலத்தே தம்பி கனடாவில் இருந்தார். 2023 இல் 'பல்டர்ஸ் கேற் 3' வந்தபோது, இருவரும் சேர்ந்து ஆடலாம் என்று கூறி அண்ணனுக்கும் அவரே வாங்கி அனுப்பினார். அண்ணன் ஐயத்துடனேயே தொடங்கினார். முதலிரு பகுதிகளும் 1998 இலும் 2000 இலும் பயோவெயார் உருவாக்கியவை. மூன்றாவது பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனத்துடையது. ஓடும் நேரத்தை இடையிடையே நிறுத்தி ஆணையிடும் பழைய சண்டைமுறை கைவிடப்பட்டு, முறைவைத்து ஆடும் முறை வந்திருந்தது. இது பல்டர்ஸ் கேற் அன்று, லாரியனின் பழைய விளையாட்டுக்குப் புதுப் பெயர் என்று பலர் முன்கூட்டியே தீர்ப்பளித்திருந்தனர். நன்னூலாரின் அளவுகோலை உறைப்பாகப் பிடித்தால், மரபு அழிந்த நூல் அது.

ஆனால் அங்கே எவரையும் கொல்லலாம். கதை அந்த வெற்றிடத்தைச் சுற்றி வளைந்து செல்லும். இறந்தவரோடு பேசும் மந்திரம் உண்டு. தன்னைக் கொன்றவரோடு பிணம் பேச மறுக்கும், உருமாறி வந்தால் ஏமாந்து பேசும். தம்பி அவசரப்பட்டுக் கொன்ற ஒருவனின் பிணத்தின்முன், வேற்றுருவில் நின்று அண்ணன் விசாரணை நடத்தினார். ரொறன்ரோவில் அப்போது பகல். வெள்ளவத்தையில் நள்ளிரவு கடந்திருந்தது. 'இதைத்தான்டா நான் இவ்வளவு காலமும் சொன்னனான்' என்றார் அண்ணன். பழைய பகுதிகளின் பற்றாளருள் இன்றும் ஏலாதவர் உளர். அவர்களது குறைகளுள் சில நியாயமானவையும்கூட. எனினும் பெரும்பாலோரின் தீர்ப்பு வடிவத்தைக் கடந்து சென்றது.

யப்பானியர் இதே சிக்கலை வேறு வகையில் அணுகினர். 1997 இன் 'ஃபைனல் ஃபன்ரசி 7' ஐ மீளுருவாக்கி 2020 இல் முதற் பகுதியை வெளியிட்டபோது, கதைக்குள்ளேயே புதிய ஆவிகள் சிலவற்றைப் புகுத்தினர். கதை பழைய பாதையிலிருந்து விலக முனையும்போதெல்லாம் அவ்வாவிகள் தோன்றி அதனைப் பழைய தடத்துக்கே தள்ளும். இறுதியிற் பாத்திரங்கள் அவற்றோடு போரிடுவர். அவை பழைய ரசிகரின் உருவகம் என்று பலரும் வாசித்தனர். திறமையான உத்திதான், ஆயினும் சற்றே நேர்மையற்றது. மாற்றத்தை விரும்பாதவரைக் கொல்லப்படவேண்டிய பகையாக முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டால், அவர் சொல்லும் குறைக்குக் காதுகொடுக்கும் கடமை நீங்கிவிடுகிறது.

மொறோவின்டின் ரசிகருள் ஒருசாரார் குறைகூறுவதோடு நில்லாது தாமே நூல்செய்யப் புகுந்தனர். அவ்விளையாட்டு அந்நாட்டின் தீவினை மட்டுமே காட்டி, பெருநிலப்பரப்பைக் காட்டாது விட்டிருந்தது. 'தம்ரியேல் றீபில்ற்' என்ற பெயரில் இணைந்த தொண்டர்கள், 20 ஆண்டுகளுக்கும் மேலாக ஊதியமின்றி அந்நிலப்பரப்பை ஊர் ஊராக எழுப்பி, 2002 ஆம் ஆண்டு விளையாட்டுடன் இணைத்துவருகின்றனர். மரபியலின் வகுப்பில் இது விரித்தல் ஆகும். அங்கு ஊரார் இன்னமும் வாயால் வழி சொல்கின்றனர். நாட்குறிப்பு அதனை எழுதிக்கொள்கிறது. தொடக்க ஆண்டுகளில் தாமே கட்டிய நகரங்கள் சிலவற்றை, இன்றைய தரத்துக்கு ஒவ்வாதவை என்று அவர்களே இடித்து, மீளவும் கட்டியிருக்கின்றனர்.